அறுபடும் தடம்

இணையத்தில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து தேடச் சொல்கிறோம். கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடுகிறது. அதன் பின்னால் ஒரு கணினி உழைத்திருக்கும் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். ஆனால், ஒரே ஒரு தேடலுக்கு விடை காண ஆயிரக்கணக்கான கணினிகளும் பல்வேறு சேவைகளும் தேவைப்படக்கூடும் என்கிறது, கூகுள் பொறியாளர்கள் 2010-இல் வெளியிட்ட 'டாப்பர்' ஆய்வறிக்கை. எழுத்துப்பிழையைச் சரிபார்க்க ஒரு சேவை, படங்களைத் தேட இன்னொன்று, விளம்பரங்களுக்கு வேறொன்று என வேலை பகிர்ந்தளிக்கப்படுகிறது.

ஒரு பெரும்பணியை இவ்வாறு தனித்தனிச் சிறு சேவைகளாகப் பிரிப்பதே நுண்சேவைக் கட்டமைப்பு. ஒரு குழு தன் சேவையைத் திருத்தும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் வசதி. விடை தாமதமாகும்போது தவறு யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாமல் போவது இதன் விலை.

அந்த விலை சிறியதன்று. கூகுளின் ஜெஃப் டீன், லூயிஸ் பரோசோ இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு. ஒரு சர்வர் வழக்கமாக 10 மில்லி விநாடியில் பதில் தருகிறது. நூற்றில் ஒருமுறை மட்டும் ஒரு விநாடி எடுத்துக்கொள்கிறது. அத்தகைய நூறு சர்வர்களிடம் ஒரே நேரத்தில் கேட்டு, அனைத்தின் பதிலுக்கும் காத்திருந்தால், 63 விழுக்காடு தேடல்கள் ஒரு விநாடிக்கு மேல் தாமதமாகும். அரிதான மந்தம் அன்றாட மந்தமாகிவிடுகிறது.

இதற்கான மருந்துதான் தடமறிதல். அரசு அலுவலகத்தில் கோப்புக்கு ஓர் எண் உண்டல்லவா? எந்தப் பிரிவுக்குப் போனாலும் அந்த எண் மாறாது. வந்த நாளும் சென்ற நாளும் அதில் குறிக்கப்படும். அதுபோல ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் அடையாள எண் தரப்படுகிறது. சேவைக்குச் சேவை அது கைமாற வேண்டும். 2020-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதற்கு ஒரு பொதுத்தரத்தை வகுத்தது. தடத்துக்கு 32 குறிகள் கொண்ட எண், அழைத்த சேவையின் பணிக்கு 16 குறிகள் கொண்ட எண் என்பது அதன் அமைப்பு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நடுவில் ஒரே ஒரு சேவை அந்த எண்ணை அடுத்ததற்குக் கொடுக்க மறந்தாலும், தடம் இரண்டாக அறுந்துவிடும். அறுந்த தடம், தடமே இல்லாததைவிடத் தீங்கானது என்பது என் கருத்து. தடம் இல்லையென்றால் பொறியாளர் தேடுவார். பாதித் தடம் இருந்தால் அதை நம்பிவிடுவார்.

நூல் விற்கும் தளம் ஒன்றைக் கற்பனை செய்வோம். வாசகர் மூன்று விநாடி காத்திருக்கிறார். தடத்தில் முகப்புச் சேவை மட்டுமே தெரிகிறது. பிறகு நீண்ட வெற்றிடம். நள்ளிரவுப் பணியில் இருப்பவர் உடனே தேடுபொறியைப் பராமரிக்கும் குழுவை எழுப்புகிறார். அவர்கள் பார்த்தால், தேடுபொறி 40 மில்லி விநாடியில் வேலையை முடித்திருக்கிறது. எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடுபொறிகள் பதிலோடு சேர்த்துத் தரும் நேரக்கணக்கில், கோரிக்கை தம்மை வந்தடையும் முன் கழிந்த நேரம் சேராது. உண்மையில் இடையிலிருந்த சேவையில், தேடுபொறிக்கான இணைப்பு கிடைக்காமல் கோரிக்கை வரிசையில் நின்றிருக்கிறது. அந்தச் சேவை வேலையை ஓர் இழையிலிருந்து மற்றோர் இழைக்கு மாற்றியபோது அடையாள எண்ணைத் தொலைத்துவிட்டதால், அந்தக் காத்திருப்பு எவர் கண்ணிலும் படவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, யார் மந்தம் என்பதையன்று. எண் எந்த இடம்வரை வந்திருக்கிறது என்பதையே. அடுத்து, ஒரே அழைப்பை அழைத்தவர் பதிந்த நேரத்தையும் அழைக்கப்பட்டவர் பதிந்த நேரத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வலையமைப்பிலோ வரிசையிலோ கழிந்தது. அழைப்பதற்கு முன்பே பதில் வந்ததுபோலத் தோன்றினால் திகைக்க வேண்டாம். இரு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவே.

சில வேளைகளில் தடமே கிடைக்காது. எல்லாவற்றையும் பதிவது கட்டுப்படியாகாது. கூகுளின் தேடல் சோதனையில், ஒவ்வொரு கோரிக்கையையும் தடமறிந்தபோது தாமதம் 16.3 விழுக்காடு கூடியது. எனவே டாப்பர் தொடக்கத்தில் 1,024 கோரிக்கைகளில் ஒன்றை மட்டுமே பதிந்தது. கோடிக்கணக்கான தேடல்கள் நடக்குமிடத்தில் அது போதும். சிறிய தளத்தில், நாம் தேடும் அந்த ஒரு மந்தமான கோரிக்கை நழுவிவிடும். கோரிக்கை முடிந்த பிறகு, தாமதமானதையும் பிழையானதையும் மட்டும் வைத்துக்கொள்ளும் முறை இதற்கு உதவும். ஆனால், முடிவெடுக்கும்வரை அனைத்தையும் நினைவகத்தில் தேக்கிவைக்கும் செலவை ஏற்க வேண்டும்.

பொறியாளர்கள் பெரும்பாலும் பேசாத ஒன்றும் உண்டு. தேடும் சொல் அந்தரங்கமானது. நோயின் பெயரைத் தேடியவர், அது ஒரு நிறுவனத்தின் பிழைதிருத்தப் பதிவேட்டில் தங்கியிருப்பதை அறியமாட்டார். டாப்பர் சேவைகளின் செயல்முறைப் பெயர்களைப் பதிந்ததே தவிர, அவற்றுக்கிடையே பரிமாறப்பட்ட உள்ளடக்கத்தைத் தானாகப் பதியவில்லை. தாமதத்தின் காரணத்தை அறியப் பெரும்பாலும் சொல்லின் நீளமும் கிடைத்த விடைகளின் எண்ணிக்கையும் எடுத்துக்கொண்ட நேரமுமே போதும்.