நட்சத்திரம் பிடிக்கக் காமிரா வாங்கும் முன்

சரக்கு நிலவரமும் வரிக் கணக்கும் படிக்கிற இந்த இதழில் காமிராவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் உறுப்பினர் வீடுகளில் படிக்கிற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது வானத்தைப் படம் எடுக்க வேண்டும், டி.எஸ்.எல்.ஆர். காமிரா வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். சின்னச் செலவு அல்ல. சரக்கு தெரியாமல் பணத்தைப் போட்டால் நஷ்டம் நமக்கு, மனம் விட்டுப் போவது பிள்ளைக்கு.

இதை எழுதக் காரணம், நாமே அப்படி ஏமாந்ததுதான். பேரன் கேட்டான் என்று கடைக்குப் போனோம். கடைக்காரர் மெகாபிக்சல் கணக்கைச் சொன்னார். எது அதிகமோ அதை வாங்கினோம். நாகமலை புதுக்கோட்டையில் வீட்டு மாடியில் வைத்து எடுத்த முதல் படத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை, கோடு கோடாக இழுத்துக்கொண்டு நின்றன. வானம் கறுப்பாக இல்லை, சாயம் போன ஆரஞ்சுத் துணி மாதிரி இருந்தது. பையன் ஆறு மாதம் அந்தக் காமிராவைத் தொடவில்லை. பழுது காமிராவில் இல்லை. மூட்டைமேல் அச்சடித்ததைப் பார்த்து அரிசி வாங்கிய நம்மிடம்தான்.

நம் பக்கத்துக்குப் புதிதல்ல

1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பஞ்சத்துக்குப் பின், மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு வந்தது. அதன் விளைவாக 1899ல் கொடைக்கானல் வானாய்வகம் அமைந்தது. 1909ல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்கள் உலகமே மதிக்கும் இருப்பு. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அன்று கண்ணாடித் தகட்டில் செய்த வேலையை இன்று சென்சார் என்னும் சில்லு செய்கிறது.

சில்லு என்னும் படி

மழையில் முற்றத்தில் வரிசையாகக் கிண்ணம் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சம் பிடிக்கும் ஒரு கிண்ணம். மெகாபிக்சல் என்பது கிண்ணங்களின் எண்ணிக்கை மட்டுமே. முற்றம் அதே அளவாக இருக்க எண்ணிக்கையைக் கூட்டினால் கிண்ணம் சிறுத்துவிடும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது முற்றத்தின் அளவு.

முழு அளவுச் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். சாதாரணக் காமிராக்களில் வரும் சிறிய சென்சார் ஏறத்தாழ 22க்கு 15. பரப்பில் இரண்டரை மடங்கு வித்தியாசம். பணம் உள்ளவர் பெரியதை வாங்கலாம். ஆரம்பிக்கிற பிள்ளைக்குச் சிறியதே தாராளம். மிச்சப் பணத்தை லென்ஸில் போடுவது புத்திசாலித்தனம்.

காரணம், வெளிச்சத்தை உள்ளே விடும் வாசல் லென்ஸ்தான். காமிராவோடு சேர்த்துத் தரும் லென்ஸின் வாய் எஃப் 3.5 என்று இருக்கும். எஃப் 1.8 என்று உள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. ஆனால் ஒரே நேரத்தில் சென்சார்மேல் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு. இந்த எண் குறையக் குறைய வாய் அகலம் என்பதை நினைவில் வையுங்கள்.

கோடு விழுவது ஏன்?

பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. லென்ஸை அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளி கோடாகும். இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 500ஐ லென்ஸின் மில்லிமீட்டர் அளவால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று தெரியும். சிறிய சென்சாராக இருந்தால் அந்த மில்லிமீட்டரை முதலில் ஒன்றரை அல்லது 1.6ஆல் பெருக்க வேண்டும். 18 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் சுமார் 17 விநாடி. 50 என்றால் 6 விநாடி. நம் பேரன் 50ல் 30 விநாடி வைத்திருந்தான். கோடு விழாமல் என்ன செய்யும்? மதுரையில் நம் தலைக்கு ஏறக்குறைய நேர்மேலே செல்லும் நட்சத்திரங்கள்தான் வேகமாக நகர்பவை என்பதால், இந்தக் கணக்கைக் கூட இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

வானத்தோடு சேர்ந்து திரும்பும் மோட்டார் தாங்கி வாங்கினால் நிமிஷக்கணக்கில் திறந்து வைக்கலாம். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். மதுரையில் அது அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே மலையோ மாடிச் சுவரோ மறைத்தால் தாங்கி இருந்தும் திண்டாட்டமே. முதல் வருஷம் அசையாத நல்ல மூன்று கால் ஸ்டாண்டு போதும்.

கல்லும் கழிவும்

இருட்டில் எடுத்த படத்தில் பொரிபொரியாகப் புள்ளிகள் விழும். அரிசியில் கல் மாதிரி. சென்சார் சூடாக ஆக இது கூடும். அதனால் சித்திரை இரவைவிடத் தை இரவில் படம் சுத்தமாக வரும்.

கல் எடுக்க வழி இரண்டு. சாக்கின் எடையைக் கழித்தால்தான் சரக்கின் எடை தெரியும் அல்லவா? அதுபோல லென்ஸ் மூடியைப் போட்டு, அதே விநாடி அளவில் சில இருட்டுப் படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் கழித்துவிடுவது ஒன்று. ஒரே காட்சியைப் பல முறை எடுத்துச் சராசரி பார்ப்பது மற்றொன்று. 16 படங்களைச் சேர்த்தால் இந்தப் பொரி நாலில் ஒரு பங்காகக் குறையும். இதற்குக் காமிராவில் ‘ரா’ என்ற கோப்பு வசதி கட்டாயம் வேண்டும். சாதாரணப் படம் காமிராவே தீட்டி மெருகேற்றிய அரிசி. ரா என்பது நெல். நம் விருப்பப்படி அரைத்துக்கொள்ளலாம்.

சிவப்புச் சல்லடை

வானத்தில் உள்ள ஹைட்ரஜன் மேகங்கள் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் பிரகாசிக்கும். மனிதர் முகம் இயற்கையாகத் தெரிய வேண்டும் என்று காமிராக்காரர்கள் சென்சார்மேல் வைக்கும் வடிகட்டி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் வானத்துக்கென்றே வடிகட்டியை மாற்றி கேனான் 2012ல் 60டிஏ என்றும், நிக்கான் 2015ல் டி810ஏ என்றும் காமிராக்களை வெளியிட்டன. சாதாரணக் காமிராவின் வடிகட்டியைக் கழற்றி மாற்றித் தருபவர்களும் உண்டு. அப்படி மாற்றினால் உத்தரவாதம் போகும், பகல் படங்கள் சிவந்துவிடும். வீட்டு விசேஷத்துக்கும் அதே காமிரா வேண்டும் என்பவர்கள் மாற்றக் கூடாது.

பழைய சரக்கு வாங்கும்போது

கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். மாதிரிகளை வெளியிடாமல், ஆடி இல்லாத மிர்ரர்லெஸ் வகைக்கு மாறிவிட்டன. ஆகவே பழைய காமிராக்கள் சந்தைக்கு வருகின்றன. வாங்குபவனுக்கு இது நல்ல காலம். சிறிய சென்சாரில் கேனான் 600டி, நிக்கான் டி5300, முழு அளவில் கேனான் 6டி ஆகியவை வானப் படம் எடுப்பவர்கள் நெடுங்காலம் பயன்படுத்தியவை. ஆனால் சரக்கைக் கொட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

1. மூடியைப் போட்டு, ஐ.எஸ்.ஓ. 1600ல் ஒரு நிமிஷம் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பும் நீலமுமாக மின்னும் புள்ளிகள் ஏராளமாக இருந்தால் விலையைக் குறையுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

2. ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். வண்டிக்குக் கிலோமீட்டர் பார்ப்பது போல.

3. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை. தொடாதீர்கள்.

4. திரையில் நேரடிக் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கும் வசதி இருக்கிறதா? இருட்டில் நட்சத்திரத்தைக் கூர்மையாக்க அதுதான் கண். மடக்கித் திருப்பும் திரையானால் கழுத்து தப்பும்.

5. ‘பல்ப்’ என்ற நிலையும், கை படாமல் இயக்கும் ரிமோட்டைப் பொருத்தத் துளையும் வேண்டும்.

6. பில் இல்லாத சரக்கு வேண்டாம். நமக்கே தெரிந்த விஷயம்.

ஒரு எச்சரிக்கை. சூரியனுக்கென்று செய்த வடிகட்டி இல்லாமல் காமிராவைச் சூரியன் பக்கம் திருப்பி உள்ளே பார்க்கக் கூடாது. 2019 டிசம்பர் 26ல் திண்டுக்கல் பக்கம் வளைய கிரகணம் தெரிந்தபோது எத்தனை பேர் துடித்து ஓடி வந்தார்கள்! படம் இன்னொரு நாள் எடுக்கலாம். கண் திரும்பி வராது.

நம்மால் ஆவது

நம் ஊர் வானம் கொடுத்துவைத்த வானம். பால்வீதியின் நடுப்பகுதி இங்கே 50 பாகை உயரம் ஏறும். லண்டனில் அது 10 பாகைகூட ஏறுவதில்லை. மாசி, பங்குனி விடியலில் கேட்டை, மூலம் நட்சத்திரங்களை ஒட்டி அதைப் பார்க்கலாம். பஞ்சாங்கத்தில் அமாவாசை பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடுப்பது வெளிச்சம். நம் மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே மதுரை நகரம் முழு இரவும் எரிகிறது. அந்த ஆரஞ்சில் நம் கடைப் பலகைகளுக்கும் பங்குண்டு. எவ்வளவு விலை உயர்ந்த காமிராவும் அதைத் தாண்டிப் பார்க்காது. கடையைப் பூட்டும்போது பெயர்ப் பலகை விளக்கை அணைத்து, பாதுகாப்புக்கு எரியும் விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்பி வைப்போம். மின் கட்டணம் குறையும்.

பேரன் இப்போது பழைய 600டியும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் வைத்திருக்கிறான். ஆறு விநாடிப் படங்களாக எடுத்துச் சேர்த்த கார்த்திகைக் கூட்டம் நம் கடைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. சரக்கு எடுக்க வருகிறவர்கள் அது எந்த ஊரில் எடுத்தது என்று கேட்கிறார்கள். நம் மொட்டை மாடியில் என்றால் நம்புவதில்லை.