பட்டறைக்குள் கேமரா – 6: நாற்காலி பறந்த அலுவலகம்

2018 மார்ச்சில் ஒரு மீம் இணையத்தை ஆட்டிப்படைத்தது. மேலிருந்து கீழாக ஐந்து படங்கள். தொங்கு மீசையும் பச்சை குத்திய புஜங்களுமாக ஒரு பெரியவர் கத்துகிறார். எதிரில் நிற்கும் இளைஞர் பதிலுக்குக் கத்துகிறார். நடுவே ஒரு நாற்காலி பறக்கிறது. மொழியியல், பொருளாதாரம், சமையல் என்று அவரவருக்குப் பிடித்த விவாதத்தை அந்த இருவர் வாயிலும் திணித்து ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். அந்தக் காட்சி எடுக்கப்பட்டு அப்போதே ஏறக்குறைய பத்து வருடம் ஆகியிருந்தது.

அவர்கள் அப்பாவும் மகனும். இருவர் பெயரும் பால் டட்டல்தான். அமெரிக்கர்கள் சீனியர், ஜூனியர் என்பார்கள். நாம் பெரியவர், சின்னவர் என்று வைத்துக்கொள்வோம்.

பெரியவர் 1949-ல் நியூயார்க் நகரத்தை ஒட்டிய யாங்கர்ஸில் பிறந்தவர். இரும்பு வேலைதான் தொழில்: படிக்கட்டு, கைப்பிடி, கட்டடங்களுக்கான ஸ்டீல். நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச் கவுன்ட்டியில் பட்டறை போட்டு உழைத்து மேலே வந்தார். இடையில் குடி அவரைக் கவிழ்க்கப் பார்த்தது. 1985-ல் அதை அடியோடு விட்டார். இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சின்னவர் பள்ளி விடுமுறைகளிலேயே பட்டறைக்கு வந்து வேலை பழகினார். அப்பாவிடம் வேகம், மகனிடம் நேர்த்தி. ஒருவர் குணம் இன்னொருவருக்கு எரிச்சல். கேமரா வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே கத்தல் இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சாப்பர் என்கிற பைக் இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களிடமிருந்து தொடங்குகிறது. கனமான ஹார்லியில் தேவையில்லாததை எல்லாம் வெட்டி எறிந்து எடையைக் குறைத்தார்கள். பிறகு முன் ஃபோர்க் நீண்டுகொண்டே போனது, பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாமல் போனது, பெட்ரோல் டேங்க் கண்ணீர்த்துளி போலச் சிறுத்தது. இடுப்புக்குச் சுகமில்லை, வளைவில் திருப்பவும் சிரமம். ஆனால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதற்காகத்தான் காசு கொடுக்கிறார்கள்.

1999-ல் பெரியவர் ஆரஞ்ச் கவுன்ட்டி சாப்பர்ஸ் தொடங்கினார். அந்த வருடமே 'ட்ரூ ப்ளூ' என்ற பைக்கை ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் நடக்கும் பைக் திருவிழாவுக்குக் கொண்டுபோனார். பெயர் கிடைத்தது. ஆனால் டிஸ்கவரி சேனல் இவர்களைத் தேடி வரவில்லை. முதலில் வேறொரு மாநிலத்துப் பட்டறையை வைத்துத்தான் நிகழ்ச்சி எடுக்க நினைத்தார்கள். அது சரிப்படாமல் போகவே, கடைசி நேரத்தில் அடித்த அதிர்ஷ்டம் இவர்களுக்கு. முன்னோட்டம் 2002 செப்டம்பரில் வந்தது. 2003-ல் 'அமெரிக்கன் சாப்பர்' தொடர் ஆரம்பித்தது.

பைக் கட்டுவது திரையில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் தகடு வளைக்கிறார், ஒருவர் தேய்க்கிறார், பொறி பறக்கிறது. பத்து நிமிடத்தில் கொட்டாவி வரும். தயாரிப்பாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து கெடு. இத்தனாம் தேதி திறப்பு விழா, அதற்குள் முடிக்க வேண்டும். சின்னவர் வரைபடம்கூட இல்லாமல் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார். பெரியவர் நாலு முறை வந்து பார்த்துவிட்டு, தரையில் கிடக்கும் ஸ்பானரை எட்டி உதைத்து, பட்டறை குப்பையாகக் கிடக்கிறது என்று தொண்டை கிழியக் கத்துவார். இளைய மகன் மைக்கி ஒரு ஜோக் அடித்துக் காற்றை இறக்குவார். பார்க்கிறவர்களுக்கு வெல்டிங் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். வீட்டில் அப்பா இருந்தால் போதும்.

வேலை சோடை என்று இதற்கு அர்த்தமில்லை. செப்டம்பர் 11 தாக்குதலில் உயிரிழந்த 343 தீயணைப்பு வீரர்களின் நினைவாகக் கட்டிய தீயணைப்பு பைக்கில், இடிந்த உலக வர்த்தக மையத்தின் இரும்பிலிருந்து எடுத்த ரிவெட் ஒன்றைப் பதித்தார்கள். சிலந்தி வலையையே உடம்பாகக் கொண்ட 'பிளாக் விடோ' சின்னவரின் கற்பனைக்குச் சாட்சி. அதன்பின் கம்பெனிகள் வரிசைகட்டின: கேட்டர்பில்லர், ஸ்னாப்-ஆன், பிறகு மின்சார சாப்பர் கேட்டு சீமென்ஸ். என் கணக்கில் இங்கேதான் சறுக்கல் ஆரம்பம். ஓட்டுவதற்கான வண்டி, விளம்பரத்துக்கான சிலையாக மாறியது. எஞ்சின் வெளியில் வாங்கியது, மேலே கம்பெனி சின்னம். மற்ற பைக் கலைஞர்கள் கேலி செய்ததில் பொறாமை கொஞ்சம், நியாயம் நிறைய.

2008-ல் நியூபர்க் நகரில் பிரம்மாண்டமான தலைமையகம் திறந்தார்கள். டி-சர்ட் கடை, கண்ணாடிச் சுவர், வேடிக்கை பார்க்க வரும் கூட்டம். இதைவிடக் கெட்ட வருடம் கிடைத்திருக்காது; பொருளாதாரம் சரிந்த வருடம் அது. வீட்டை அடகு வைத்து சாப்பர் வாங்கிய அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் கையில் திடீரென்று காசு இல்லை. டெக்சஸின் அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் அந்த வருடமே திவால் மனு போட்டது; கேன்சஸின் பிக் டாக் 2011-ல் கதவடைத்தது. டி.வி. வருமானம் இருந்ததால் டட்டல்கள் தாக்குப்பிடித்தார்கள். ஆனாலும் கடனில் கட்டிய அந்தக் கட்டடம் சில வருடங்களிலேயே கைவிட்டுப் போனது.

அதே 2008-ல்தான் அந்த நாற்காலி பறந்தது. சின்னவர் நேரத்துக்கு வேலைக்கு வருவதில்லை என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, அப்பா மகனை வேலையைவிட்டு நீக்கினார். சண்டை கோர்ட்டுக்குப் போனது. நிறுவனத்தில் மகனுக்கு இருந்த 20% பங்கை வாங்கிக்கொள்ளத் தனக்கு உரிமை உண்டு என்று 2009-ல் பெரியவர் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட் அவர் பக்கம் நின்றது. 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது: விலையை எப்படிக் கணக்கிடுவது என்றே தெளிவில்லாத ஒப்பந்தம் செல்லாது என்றது.

டி.வி. என்ன செய்தது? அதற்குள் 'சீனியர் வெர்சஸ் ஜூனியர்' என்று பெயர் மாற்றிப் புதுத் தொடரே ஓட்டிக்கொண்டிருந்தது. சின்னவர் தனியாகப் பட்டறை திறந்துவிட்டார், வசதியாகப் போயிற்று; இரண்டு பட்டறை, இரண்டு கேமரா. 2011 டிசம்பரில் லாஸ் வேகாஸில் நேரலைப் போட்டி. அப்பா, மகன், மூன்றாவதாக ஜெஸ்ஸி ஜேம்ஸ். பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள், மகன் ஜெயித்தார். அடுத்த வருடப் போட்டியிலும் அவரே.

கோபத்தைக் கேமரா உண்டாக்கவில்லை. அதற்கு விலை வைத்தது. கத்தினால் வாரத்துக்கு ஒரு எபிசோட் என்று ஆனபின், குரலைத் தாழ்த்தி உட்கார்ந்து பேச அந்த வீட்டில் யாருக்கு என்ன லாபம்? இடையில் நின்றுபோயிருந்த தொடர் 2018-ல் மறுபடி டிஸ்கவரிக்குத் திரும்பியது. மீம் பரவிய அதே வருடம், பெரியவர் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன் காட்டித் திவால் மனு கொடுத்திருந்த செய்தியும் வெளிவந்தது. உலகமே பகிர்ந்த படத்தில் இருந்தவர் நிலைமை அது.

இப்போது ஆரஞ்ச் கவுன்ட்டி சாப்பர்ஸ் ஆரஞ்ச் கவுன்ட்டியில் இல்லை. ஃபுளோரிடாவில் கிளியர்வாட்டர் பக்கம் குடிபெயர்ந்துவிட்டது. 2021-ல் அங்கே உணவகமும் அருங்காட்சியகமுமாக ஓர் இடம் திறந்தார்கள். பழைய பைக்குகளைப் பார்த்துக்கொண்டே பர்கர் சாப்பிடலாம்.

லாஸ் வேகாஸில் மூன்றாவதாக நின்றவரைச் சொன்னேனே, ஜெஸ்ஸி ஜேம்ஸ்? பாட்டுக் கச்சேரிகளில் பாதுகாவலராக நின்று, டிஸ்கவரியில் எல்லோருக்கும் முன்னால் இடம் பிடித்த அந்த ஆளை அடுத்த வாரம் பார்ப்போம்.