காது இரைந்தால் காலையும் பாருங்கள்

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் காரைக்குடி வீட்டில் ஆச்சி மட்டும் தனியே. வழுவழுப்பான ஆத்தங்குடித் தரை, கட்டுக்குக் கட்டு நிலைப்படி. "காதுல ஓயாம கொய்யின்னு கேக்குது" என்று அவர் சொன்னால், உடனே கேட்க வேண்டியது: "நடக்கையில தள்ளுதா ஆச்சி?"

ஒலியை உணரும் நத்தைச்சுருளும், தலை திரும்புவதை உணர்ந்து சமநிலை காக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் உட்காதில் ஒட்டியே இருக்கின்றன. இரண்டிலும் நிறைந்திருப்பது ஒரே நீர்; இரண்டின் செய்தியும் மூளைக்குப் போவது எட்டாவது நரம்பு வழியே. இரைச்சல், செவிட்டுத்தன்மை, தலைசுற்றல் மூன்றும் உட்காதிலிருந்தே சேர்ந்து வரலாம் என்று பாரிஸில் புராஸ்பர் மெனியே 1861-லேயே எழுதினார்.

ஆனால் "எனக்குத் தலை சுத்தல" என்ற பதிலை அப்படியே நம்பிவிட முடியாது. சமநிலை உறுப்பு மெல்ல மெல்லக் கெட்டால், மூளை கண்ணையும் பாதத்தையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளும். எட்டாவது நரம்பில் வளரும், புற்றல்லாத கட்டி இப்படித்தான் பலரிடம் ஒளிந்திருக்கிறது. ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தால் அதை அலட்சியப்படுத்தவே கூடாது. கேட்புச் சோதனையோடு, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் பார்ப்பார்கள்.

மறைந்திருக்கும் குறையை வெளியே கொண்டுவர முதலில் இயந்திரமே வேண்டாம். தடித்த நுரை மெத்தைமேல், கண்ணை மூடி நிற்கச் சொல்வார்கள். கண்ணின் துணையும் போய், பாதத்தின் துணையும் குறைகிறது. (துணையின்றி வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) மருத்துவரின் மூக்கையே பார்த்திருக்க, தலையைச் சட்டென்று திருப்புவது இன்னொன்று: பழுதான பக்கம் திரும்பும்போது பார்வை நழுவி, பிறகு ஓடிவந்து சேரும். ஹால்மாகியும் கர்தாய்ஸும் 1988-ல் விவரித்த சோதனை இது.

காதில் 30 டிகிரி, 44 டிகிரி நீரை மாற்றி மாற்றி விட்டுக் கண்ணின் துடிப்பை அளப்பது மற்றொன்று. உடல் வெப்பத்துக்கு 7 டிகிரி கீழே, 7 டிகிரி மேலே. நீரின் சூடு மாறினால் கண் துடிக்கும் திசையும் மாறுவதை வியன்னாவில் கவனித்தவர் ராபர்ட் பாரனி. 1914-க்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

காது இரையும் எல்லோருக்கும் இத்தனையும் வேண்டியதில்லை. இச்சோதனைகள் இரைச்சலைத் தணிக்கவும் போவதில்லை. ஆனால் தள்ளாட்டம் தெரிந்துவிட்டால், அதற்கான பயிற்சி இருக்கிறது. விழுவதற்கு முன்பே தொடங்கலாம்.

மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் தலைசுற்றல் மாத்திரைதான் எனக்குக் கவலை. அது மூளை பழகிக்கொள்வதைத் தாமதப்படுத்தக்கூடும். சோதனை முடிவையும் மங்கச் செய்யக்கூடும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள்; எதை, எப்போது நிறுத்துவது என்று மருத்துவர்களே சொல்லட்டும். முன்பு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சமநிலை உறுப்பைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. நீர்ச் சோதனைக்குப் பின் சிறிது நேரம் தலை சுற்றும், ஆச்சியைத் தனியாகப் பேருந்தில் அனுப்பாதீர்கள்.