கைப்பேசியின் சார்ஜ் துளையில் சேரும் பிசிறு

பைல் நாட்டில் மிளகும் காபியும் பயிரிடும் நம் அங்கத்தினர் பலருக்கு, விலை விசாரிப்பதும் பணம் பெறுவதும் இன்று கைப்பேசியின் வழியாகவே நடைபெறுகின்றன. அதில் சார்ஜ் ஏறாது போனால் பழுது பார்ப்பதற்கு மலையினின்று இறங்க வேண்டும். காரவள்ளி அடிவாரத்திற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். ஆனால், பல வேளைகளில் கருவியில் பழுது ஒன்றும் இராது. துளைக்குள் ஒரு சிட்டிகைப் பிசிறு அடைத்திருக்கும், அவ்வளவே.

சட்டைப் பையின் நூற்பிசிறும் களத்துத் தூசியும் துளையினுள் நுழைகின்றன. வயரைச் செருகும்போதெல்லாம் முனை அவற்றை அடியில் வைத்து அழுத்துகிறது. நாளடைவில் அவை இடித்த பஞ்சுபோல் கெட்டிப்பட்டு, முனையை முழுவதும் உள்ளே செல்ல விடாமல் தடுக்கின்றன. தறி ஓடும் வீடுகளில் இது இன்னும் விரைவில் நேரும். முனை முன்போல் அழுத்தமாக அமராமல் சற்று வெளியே நீட்டி நிற்பதும், இலேசாகத் தொட்டாலே கழன்றுவிடுவதும் இதன் அடையாளங்கள். எனினும் வேறு வயரும் வேறு சார்ஜரும் கொண்டு சோதித்த பின்னரே துளையின்மேல் ஐயங்கொள்ளல் வேண்டும்.

இப்பொழுது எங்கும் பரவியுள்ள டைப்-சி துளை 2014ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதன் நடுவே ஒரு மெல்லிய நாக்கு உண்டு. கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முழு அமைப்பில் அதன் மேற்புறம் 12, கீழ்ப்புறம் 12 ஆக 24 தொடுமுனைகள் பொன்முலாம் பூசப்பட்டுப் பதிந்துள்ளன. ஊக்கையோ தையல் ஊசியையோ விட்டுக் கிளறினால் நாக்கு முறியலாம். முலாம் உரிந்த இடத்தில் அரிப்புப் பிடிக்கும். மின்கலம் உள்ளேயே இருப்பதால் இரு முனைகள் இரும்பால் இணைந்து குறுக்கோட்டம் உண்டாகவும் கூடும். நானும் ஒருமுறை ஊக்கால் கிளறி, பிசிறோடு துளையையும் இழந்தவன்தான்.

முறை எளியது. சார்ஜரைக் கழற்றிக் கைப்பேசியை முழுவதும் அணைத்துவிடுக. நல்ல வெளிச்சத்தில் துளையை உற்று நோக்குக. காய்ந்த மரப் பற்குச்சியின் நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவி, நாக்கைத் தொடாமல் துளையின் சுவரை ஒட்டி உள்ளே செலுத்தி, அடியிலுள்ள பிசிறை மெல்ல வெளியே இழுத்தல் வேண்டும். துளை கீழ்நோக்கி இருந்தால் தளர்ந்த தூசி தானே விழும். வாயால் ஊதலாகாது, எச்சில் ஈரம் உள்ளே செல்லும். தண்ணீரும் எண்ணெயும் அறவே கூடா. பக்கத்திலுள்ள சிறு துவாரங்கள் ஒலிக்கானவை; அவற்றைக் குத்துதல் தவறு.

மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் வேறொரு தொல்லை உண்டு. ஈரமான துளையில் மின்சாரம் பாயுங்கால் தொடுமுனைகள் பச்சையாகவோ கறுப்பாகவோ அரிக்கப்படும். அப்பொழுது துளை கீழே இருக்குமாறு பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் உலர விடுக. அடுப்பருகே வைத்தல் தகாது. அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அரிசித் துகள் கருவிக்குக் கேடு செய்யுமென்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் தன் ஐபோன்களுக்கான குறிப்பில் எச்சரித்துள்ளது.

இவ்வளவும் செய்தபின் சார்ஜ் ஏறவில்லையெனில் மலையிறங்கத்தான் வேண்டும். கடைக்காரர் துளையை மாற்றுமுன், பூதக்கண்ணாடியில் உங்களுக்கும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.