மின்னணு இசையைக் கற்றல்

குஜராத் மாநிலம் அகமதாபாத்தில், சபர்மதி ஆற்றங்கரையில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அமைந்துள்ளது. 1961ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் நாற்காலி, துணி, எழுத்துரு, கண்காட்சி அரங்கு முதலியவற்றை வடிவமைக்கக் கற்றுத்தரும் இடமாகவே பலராலும் அறியப்படுகிறது. 1969இல் அங்கே வேறொரு பொருளையும் வடிவமைக்கத் தொடங்கினர். அப்பொருள் ஒலி.

அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அவ்வாண்டு அகமதாபாத் வந்து, ‘மோக்’ என்னும் சிந்தசைசரை அங்கு நிறுவ உதவினார். இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடமாகக் கருதப்படுவது இதுவே. இதற்கான விதை முன்பே ஊன்றப்பட்டிருந்தது எனலாம். விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாயின் உடன்பிறந்தவரான கீதா சாராபாய், 1946இல் நியூயார்க் நகரில் ஜான் கேஜ் என்னும் இசையமைப்பாளரைச் சந்தித்தார். கீதா அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். அவர் கீதாவுக்கு மேலை இசையைக் கற்பித்தார். கட்டணம் இல்லாத இந்தப் பண்டமாற்றில் இருவருமே ஆசிரியர், இருவருமே மாணவர்.

வீணையில் கம்பியும், மிருதங்கத்தில் தோலும், குழலில் காற்றும் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. சிந்தசைசரில் அதிர்வது மின்சுற்று. அலையியற்றி என்னும் உறுப்பு மின் அலையை உண்டாக்கும். வடிகட்டி அவ்வலையிலுள்ள மேற்சுரங்களுள் வேண்டாதவற்றை நீக்கும். பெருக்கி ஒலியின் வலிமையை ஆளும். மீட்டிய வீணையொலி சட்டென எழுந்து மெல்லத் தேய்கிறது. குழலொலியோ மூச்சு உள்ளவரை நிற்கிறது. இவ்வாறு ஒலி எழுந்து, நின்று, அடங்கும் முறையையும் சிந்தசைசரில் தனியே அமைக்கலாம்.

மோக் கருவியில் சுரத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். அழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் அதிர்வெண் இருமடங்காகும். 220 ஹெர்ட்ஸ் 440 ஆகும். இன்னும் ஒரு வோல்ட் கூட்டினால் 880 ஆகும். ஒவ்வொரு படியிலும் கேட்பது அதே சுரமே, ஆனால் அடுத்த மேல் தாயியில். இயற்பியல் வகுப்பும் இசை வகுப்பும் ஒரே மேசையில் நடப்பது இத்துறையின் தனித்தன்மை.

அலையின் வடிவமும் கருதத்தக்கது. ரம்பப்பல் போன்ற அலையில் எல்லா மேற்சுரங்களும் நிறைந்திருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே இருக்கும். முன்னது கூர்மையாகவும், பின்னது உட்குழிவான குழலோசை போலவும் கேட்கும். தம்புராவின் பாலத்தின்மேல் கம்பிக்கடியில் வைக்கும் சிறு நூல் மேற்சுரங்களை எழுப்பி நாதத்தைச் செழிப்பாக்குகிறது. அகமதாபாத் கூடத்தில் பணியாற்றிய ஐ.எஸ். மாத்தூர் தம் படைப்பொன்றுக்கு ‘முன்பொரு காலம் நான் தம்புரா வாசித்தேன்’ என்னும் பொருளில் ஆங்கிலப் பெயரிட்டார். பழைய கருவியைப் பிரிந்த ஏக்கமும் புதிய கருவியைக் கண்ட குறும்பும் அப்பெயரில் ஒருங்கே தொனிக்கின்றன.

கீதா சாராபாய், மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1969 முதல் 1972 வரை அங்கு இசையமைத்து ஒலிநாடாவில் பதிந்தனர். அதன்பின் கூடம் ஓய்ந்தது. இசைக்கான பட்டப்படிப்பு எதுவும் அங்கே உருவாகவில்லை. கருவி இருந்தது, திறமை இருந்தது; அடுத்து வருவோர்க்குக் கற்பிக்கும் வரிசை இல்லை. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பல்லாண்டுகள் கிடந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்த பின்னரே, 2023இல் அவ்விசை தொகுப்பாக வெளிவந்தது.

இதே போன்ற மற்றொரு நிகழ்வு மும்பையில் நடந்தது. திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களைச் சிந்தசைசரில் வாசித்து, டிஸ்கோ தாளத்துடன் இசைத்தட்டாக வெளியிட்டார். பன்னிரண்டு கட்டைகளாகப் பகுக்கப்பட்ட கீபோர்டில் கமகம் எளிதில் வாராது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி, அவர் பயன்படுத்திய ரோலண்ட் டிபி-303 என்னும் சிறு கருவியில் இருந்தது. கிட்டார் வாசிப்போருக்குத் துணையாகச் செய்யப்பட்ட அக்கருவி இராகத்துக்கும் கைகொடுக்கும் என்பதை அதைச் செய்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்! அவ்விசைத்தட்டு அன்று பெரிதும் கவனிக்கப்படவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோது உலகின் பல நாடுகளில் வியப்புடன் கேட்கப்பட்டது.

இன்று ஒரு மடிக்கணினியும் ஒலிவாங்கியும் இருந்தால் வீட்டிலேயே இசையமைக்கலாம். அவ்வாறாயின் இதற்கெனக் கல்லூரி எதற்கு என்னும் வினா, பல பெற்றோர் கேட்பது, நியாயமானதும் கூட. மென்பொருளை இயக்கும் முறையை மட்டும் கற்கக் கல்லூரி தேவையில்லை என்பதே நேர்மையான விடை. அங்குக் கிடைக்க வேண்டியவை வேறு. முதலாவது, செவிப்பயிற்சி. குறுந்தகட்டில் ஒரு நொடி ஒலி 44,100 கூறுகளாகப் பதியப்படுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதால், அதன் இருமடங்குக்கும் மேல் கூறுகள் வேண்டும். இக்கணக்கை ஒரு நாளில் படித்துவிடலாம். ஆனால் பாடகியின் குரலைத் தபலாவின் ஒலி எந்த இடத்தில் மறைக்கிறது என்று கண்டறியும் செவி அமையப் பல மாதங்கள் ஆகும். தவற்றை உடனிருந்து சுட்டுவோரும் வேண்டும். சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 2008இல் நிறுவிய கே.எம். இசைக்கல்லூரி போன்ற இடங்களில் மேலை இசை, இந்துஸ்தானி இசை ஆகியவற்றுடன் இசைத்தொழில்நுட்பமும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்படுகிறது.

இரண்டாவது, வணிகம். விளம்பரம், திரைப்படம், கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கு அமைக்கும் இசை காலவரையறைக்கு உட்பட்டது. முப்பது நொடி விளம்பரத்தில் முப்பத்தோராவது நொடிக்கு இடமில்லை. அதனினும் முதன்மையானது உரிமை. பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. அதன்படி, திரைப்பாடலை எழுதியவரும் அதற்கு இசையமைத்தவரும், அப்பாடல் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது வரும் உரிமைத்தொகையில் தமக்குரிய சமபங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க இயலாது. விட்டுக்கொடுப்பதாகக் கையொப்பமிட்டாலும் அது செல்லாது. முன்பெல்லாம் ஒருமுறை பெற்ற ஊதியத்துடன் உரிமை முழுவதையும் இழந்தோர் பலர்.

ஆயினும் மின்னணு இசையில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. மெட்டை ஒருவர் தருகிறார். அம்மெட்டு எந்த ஒலியில் ஒலிக்க வேண்டும் என்பதை மற்றொருவர் இரவெல்லாம் சிந்தசைசரின் முன்னமர்ந்து உருவாக்குகிறார். மக்கள் நினைவில் நிற்பது சில வேளைகளில் அவ்வொலியே. அவர் நாட்கூலிக்கு வந்தவரா, இசையமைப்பில் பங்குடையவரா? பாடல் புகழ்பெற்ற பின்னர் இவ்வினா எழுந்தால் நட்பு முறியும், வழக்கும் வரும். ஆகவே ஒலிப்பதிவுக்கு முன்னரே, யார் யார் என்ன செய்தனர், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரே தாளில் எழுதி அனைவரும் கையொப்பமிடும் வழக்கம் இத்துறையில் உள்ளது. இசை பயிலும் மாணவர் இராகத்தின் ஆரோகண அவரோகணத்தை எழுதும் அதே ஏட்டில், இத்தாளை எழுதவும் பழகுதல் வேண்டும்.