கடலில் ஒரு சிறு பொறி

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கரையிலே வைகறையிற் கேட்கும் ஒலிகள் இரண்டு. ஒன்று பள்ளிவாசலில் எழும் சுபஹு பாங்கொலி. மற்றொன்று படகு இயந்திரங்களின் இரைச்சல். இவ்விரண்டாவது ஒலி நடுக்கடலில் திடீரென அடங்கிவிட்டால் நேர்வது யாதென்று கரையில் வாழும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. இயந்திரம் நின்ற படகை அது கரைக்குக் கொணராது. கிழக்கே வங்காள விரிகுடாவினுள் தள்ளிக்கொண்டே போகும். அவ்வேளையில் இரண்டு மூன்று உயிர்கள் நம்பியிருப்பது ஒரு நெல்மணியின் அகலமும் இல்லாத மின்பொறி ஒன்றையே.

அப்பொறி பிறக்கும் விதம் அழகானது. அசையும் காந்தம் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபரடே கண்டார். 1902இல் ஜெர்மனியில் கொட்லொப் ஹொனோல்ட் அவ்வுண்மையைக்கொண்டு உயர் மின்னழுத்த மெக்னெட்டோவை ஆக்கினார். பழைய படகு இயந்திரங்களில் உள்ளது அதன் வழிவந்ததே. கயிற்றை இழுத்ததும் காந்தம் பதித்த சக்கரம் சுழல்கிறது. உள்ளே ‘பொயின்ட்’ எனப்படும் இரு முனைகள் தக்க கணத்திற் பிரிகின்றன. ஓட்டம் அறுபட்டதும் கொயிலின் மெல்லிய சுற்றுகளில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது. பற்றரி வேண்டியதில்லை.

எங்கள் கரையிலே மிஷின் திருத்தும் முதியவர் ஒருவரிடம் அடிக்கடி செல்பவன் நான். பயன்படும் பொருட்டு அவருடைய முறையை இங்கு எழுதுகிறேன். “மிஷின் பொய் சொல்லாது சேர், நாமதான் அவசரப்படுற” என்பார். மருத்துவன் நாடி பார்ப்பது போல், எளியதில் தொடங்கி அரியதில் முடிப்பதே அவர் வழக்கம்.

முதலிற் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது உலர்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. குற்றம் குழாயிலோ காபரேட்டரிலோ உள்ளது. நனைந்திருந்தால் எண்ணெய் வந்தும் பொறி இல்லை என்று ஐயுறலாம். கரி படிந்திருந்தால் அக்கரியே மின்னுக்குக் குறுக்குவழியாகிவிடும். இடைவெளியைத் தாண்டும் வேலை அதற்கு இராது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களில் இது மிகுதி. ஆதலின், நிறுத்துமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓட்டுவது நன்று. அடுத்த நாள் குளிர்ந்த இயந்திரம் எளிதிற் பற்றும்.

துடைத்த பிளக்கை இயந்திரத்தின் இரும்போடு சேர்த்து, எண்ணெய் ஆவி வரும் துளைக்கு எட்ட வைத்து, கயிற்றை இழுக்க வேண்டும். பொறி நீலமாய்ச் சடசடத்தால் நலம். மெலிந்து மஞ்சளாயின் நலிவு. வெளியில் வரும் நலிந்த பொறி உள்ளே அழுத்தப்பட்ட வாயுவில் வராமலும் போகலாம்.

பொறியே இல்லையெனில் உடனே கொயிலைப் பழிக்கலாகாது. நிறுத்தும் பொத்தானின் கம்பியை முதலிற் கழற்றிப் பார்க்க வேண்டும். மெக்னெட்டோவின் ஓட்டத்தை உடலிரும்புக்குத் திருப்பியே அப்பொத்தான் இயந்திரத்தை நிறுத்துகிறது. அதில் உப்பு பிடித்தால் இயந்திரம் என்றும் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். கம்பியைக் கழற்றியதும் பொறி வந்தால் நோய் தெரிந்தது; கரை வந்தபின் சோக்கை அடைத்து நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, பிளக்குக்குச் செல்லும் தடித்த கம்பியில் வெடிப்பு உண்டா? பொயின்ட் முனைகளிற் பாசியோ எண்ணெயோ உண்டா? நுண்ணிய அரத்தாளால் உரசி, சுத்தமான அட்டையால் துடைத்தல் வேண்டும். முனைகள் விரைவிற் கருகுமாயின் கண்டென்சரை ஐயுறுக. குளிர்ந்தபோது ஓடிச் சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடுமாயின், அப்போதுதான் கொயிலை ஐயுறுதல் தகும்.

புதிய இயந்திரங்களிற் பொயின்ட் இல்லை. மின்னணுப் பெட்டியொன்று அவ்வேலையைச் செய்கிறது. அது நெடுங்காலம் உழைக்கும். கெட்டால் கடலில் திருத்த முடியாது. ஆயினும், புதியதை வாங்கப் பொருளில்லாதோர் பலர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, பற்றாமல் இழுத்த ஒவ்வோர் இழுப்பிலும் வீணான எண்ணெயின் அருமையை அவர்கள் நன்கறிந்தனர்.

என் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. வகுப்பிலே என் மாணவர் மின்காந்தத் தூண்டலை வரைவிலக்கணமாய் ஒப்புவிக்கின்றனர். அதே வயதுச் சிறுவன் கரையில் பொயின்ட் துடைக்கிறான். இருவரும் செய்வது ஒன்றே என்று இருவருக்கும் தெரியாது. நமது அயலூராகிய காரைதீவில் 1892இற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்பித்தவர், கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர். அம்மண்ணிலே பாடநூலின் சொல்லும் பட்டறையின் சொல்லும் ஒன்றையொன்று அறியாதிருத்தல் தகுமா?

ஆசிரியர்களே, பழுதான பழைய மெக்னெட்டோ ஒன்றை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். மாணவன் கையாற் சக்கரத்தைச் சுழற்றட்டும். முனைகள் பிரிவதைக் கண்ணாற் காணட்டும். அவர்களுள் ஒருவன் நாளை வாப்பாவோடு கடலுக்குப் போவான். கச்சான் வீசும் நேரத்தில் இயந்திரம் நின்றால், வீணே கயிற்றை இழுத்துக் களைக்காமல், எங்கே தொடங்குவது என்று அவன் அறிந்திருப்பான்.