நாற்றங்காலில் அறுவடை கேட்போர்

2017ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி இரவு, லில்லுவா இரயில்வே குடியிருப்பில் ஒரு தமிழ் அன்பரின் இல்லத்தில் பதினைந்து பேர் அளவில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடியிருந்தோம். தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில், பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. எதிர்க் கோஷ்டி கொலம்பியா. 82ஆம் நிமிஷத்தில் பெங்களூரைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்டாலின் மூலையிலிருந்து பந்தை உயர உதைத்தார். மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்ஸன் சிங் எழும்பித் தலையால் முட்டினார். பந்து வலைக்குள் புகுந்தது. ஃபிஃபா நடத்தும் உலகக் கோப்பையில் இந்தியா போட்ட முதல் கோல் அதுவே. இரைச்சலைக் கேட்டு வீட்டுக்கார அம்மையார் அடுப்பில் வைத்த பாலை விட்டு ஓடிவந்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கொலம்பியா மறு கோலைப் போட்டுவிட்டது. 83ஆம் நிமிஷம்! பந்தயம் 2-1 என்று முடிந்தது. பாலும் பொங்கி வழிந்துவிட்டது.

அந்தப் பிள்ளைகள் அமெரிக்காவிடம் 3-0, கொலம்பியாவிடம் 2-1, கானாவிடம் 4-0 என மூன்று பந்தயங்களிலும் தோற்றார்கள். வாங்கிய கோல்கள் ஒன்பது, போட்டது ஒன்று. மறுநாள் அலுவலகத்தில் அபிப்பிராயம் சொல்லாதவர் எவருமில்லை. "இவ்வளவு பணத்தைக் கொட்டி இதுதானா?" என்பதே பெரும்பாலோரின் கேள்வி. நாமும் அன்று ஏறக்குறைய அப்படித்தான் பேசினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது இதை எழுத நேர்ந்த காரணம் வேறு. நமது அலுவலகத்தில் மூத்த குமாஸ்தா ஒருவர் இருக்கிறார், திருச்சிராப்பள்ளிப் பக்கத்தவர். அவருடைய இளைய மகனுக்கு வயது பதினான்கு. பள்ளிக்கூடத்தைவிட மைதானத்தில் அதிக நேரம் இருக்கிற பிள்ளை. வெளியூரில் தங்கிப் பயிலும் கால்பந்துப் பயிற்சி முகாம் ஒன்றுக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தந்தையார் அந்தப் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நம் மேஜைக்கு வந்தார். "தம்பி, நீங்கள் பந்து விஷயம் அறிந்தவர். இளம் பிள்ளைகளைச் சேர்த்துக் கோஷ்டி கட்டுகிறோம் என்கிறார்களே, அது கடைசி வரையில் நடக்கிற காரியமா? நடுவில் கைவிட்டால் நான் இவனை என்ன செய்வேன்?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. பழைய செய்திகளைத் தேடிப் பார்த்த பின்னரே சொன்னோம். தேடியதில் கண்டதை நமது குடும்பங்கள் எல்லாம் அறிவது நலம்.

இந்தியாவில் இளைஞர்களை மட்டும் கொண்டு நீண்ட நாள் நோக்கத்துடன் கட்டப்பட்ட கோஷ்டி 'இண்டியன் ஆரோஸ்'. தேசியப் பயிற்சியாளராயிருந்த பாப் ஹௌட்டனின் யோசனைப்படி அகில இந்திய கால்பந்துச் சம்மேளனம் 2010இல் அதனைத் தொடங்கிற்று. ஐ-லீக் பந்தயத்தில் மற்றக் கோஷ்டிகள் ஆப்பிரிக்கரையும் பிரேசில்காரரையும் வைத்துக்கொண்டு ஆட, இவர்கள் உள்நாட்டு இளைஞர்களோடு மட்டுமே இறங்க வேண்டும். இதில் ஒரு நியாயம் இருந்தது. பெரிய கோஷ்டிகளில் கோல் போடும் இடமெல்லாம் வெளிநாட்டாருக்கே. இருபது வயதுப் பிள்ளை பெஞ்சியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இருபத்தைந்து வயதாகிவிடுவான். ஆட்டம் ஆடித்தான் வரும், பார்த்து வராது.

முதல் ஆண்டில் பதினான்கு கோஷ்டிகளுள் ஒன்பதாவதாக வந்தார்கள். பஞ்சாபின் பெயர்பெற்ற ஜே.சி.டி. கோஷ்டி அவ்வாண்டில் இவர்களுக்குக் கீழே போய்த் தள்ளப்பட்டது. பின்னர் மூடியும் விட்டது. மிசோரம் வாலிபர் ஜேஜே லால்பெக்லுவா 13 கோல்கள் போட்டார். கோலைக் காத்தவர்களுள் ஒருவர், கிழக்கு வங்காளக் கிளப்பிலிருந்து இரவலாக வந்த குர்ப்ரீத் சிங் சந்து. அடுத்த ஆண்டு ஒரு வியாபார ஸ்தாபனத்தின் ஆதரவில் 'பைலான் ஆரோஸ்' என்ற பெயருடன் கோஷ்டி நமது கல்கத்தாவுக்கே வந்துவிட்டது. ஹௌராவிலிருந்து மின்சார இரயிலில் போனால் நாலாவது நிலையமான உத்தரபாராவின் பிள்ளை பிரீதம் கோட்டால் அதில் ஆடினார். தோல்விகள் அதிகமாயின. 2013இல் ஆதரித்தவர் விலகவே கோஷ்டி கலைக்கப்பட்டது. மூன்றே ஆண்டு!

நிற்க. 2017 உலகக் கோப்பைக்குப் பின் அதே சம்மேளனம் அதே பெயரை மீண்டும் எடுத்தது. தில்லியில் தோற்ற பிள்ளைகள் கலைந்து போகாமலிருக்க அவர்களையே கொண்டு இரண்டாம் ஆரோஸ் கட்டப்பட்டது. பதினேழு பதினெட்டு வயதினர் முப்பது வயது ஆட்டக்காரரோடு மோதினர். முதற் பந்தயத்திலேயே சென்னை சிட்டி கோஷ்டியை 3-0 என்று வென்றார்கள். நம் ஊர்க் கோஷ்டி தோற்றதற்கு வருந்துவதா, பிள்ளைகள் வென்றதற்கு மகிழ்வதா என்று நமக்கு அன்று தெரியவில்லை. ஆயினும் பருவம் முடிகையில் பத்துக் கோஷ்டிகளில் பத்தாவது இடம். கடைசியாக வந்தாலும் கீழே தள்ளப்படுவதில்லை என்று இவர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. அதைச் சலுகை என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. நம் எண்ணத்தில் அத்திட்டம் முழுவதிலும் மிகப் புத்திசாலித்தனமான விதி அதுவே. தோற்றால் தலை போகும் என்றால் எந்தப் பயிற்சியாளர் பதினெட்டு வயதுப் பையனை இறக்குவார்? பின்னர், முன்னாள் இந்திய ஆட்டக்காரர் சண்முகம் வெங்கடேஷ் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். 2022இல் மறுபடியும் கலைத்தார்கள். அப்பணத்தை இளைஞர் லீக் பந்தயங்களுக்குச் செலவிடுவதே மேல் என்று காரணம் கூறப்பட்டது.

இருமுறை கட்டி இருமுறை கலைத்த கோஷ்டி; புள்ளிப் பட்டியலில் கீழே கிடந்த கோஷ்டி. எனில் அது தோல்விதானே என்று கேட்கலாம். 2023 ஜூலை 4ஆம் தேதிக்கு வாருங்கள். பெங்களூரில் தெற்காசியக் கோப்பையின் இறுதிப் பந்தயம்; எதிரி குவைத். இந்தியாவின் பின்னணியில் அன்வர் அலியும் ஆகாஷ் மிஷ்ராவும், நடுவில் ஜீக்ஸன் சிங்கும் இறங்கினர். மூவரும் இரண்டாம் ஆரோஸில் தோற்றுத் தோற்று வளர்ந்தவர்கள். கோலைக் காத்தவர் முதல் ஆரோஸின் குர்ப்ரீத். 1-1 என்று சமனாகி, பெனால்டி உதைகளில் 5-4 என்று இந்தியா வென்றது. கடைசி உதையைத் தடுத்தவர் குர்ப்ரீத்தே. அதே ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை மோகன் பகான் வென்றபோது தலைவராயிருந்தவர் உத்தரபாராவின் பிரீதம் கோட்டால். விதைத்த வயலை உழுதவர்களே பாதியில் விட்டுப் போனார்கள். விளைச்சலை வேறு களத்தில் அளந்தார்கள்.

இவர்களுள் அன்வர் அலியின் கதை தனியே சொல்லத்தக்கது. 2019இல் அவருக்கு இருதயக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. ஆடக் கூடாதென்று தடுத்தனர். அவர் தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்று மீண்டும் ஆட வழி தேடிக்கொண்டார். 2022இல் தேசியக் கோஷ்டியில் இடம்பெற்றார். மேற்சொன்ன கோப்பையிலேயே, இறுதிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னர் குவைத்துடன் நடந்த முதற் சந்திப்பில், கடைசி நேரத்தில் பந்தைத் தம் கோலுக்குள்ளேயே போட்டுவிட்டார். வெற்றி கைநழுவிச் சமனாயிற்று. அவரை நீக்கிவிடவில்லை; இறுதிப் பந்தயத்திலும் அவர்தான் நின்றார். இளம் கோஷ்டி கட்டுவது என்றால் இதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

ஆனால் 2017இன் இருபத்தொரு பிள்ளைகளும் இவ்விதம் உயர்ந்துவிடவில்லை. அவர்களுள் எட்டுப் பேர் மணிப்பூரிலிருந்து மட்டும் வந்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தவர் சிலர். சஞ்சீவ் ஸ்டாலின் போர்ச்சுக்கல் வரை போய் ஆடித் திரும்பினார். சுரேஷ் சிங் வாங்ஜாம் பெங்களூர்க் கோஷ்டியில் நிலைத்தார். மற்றவர் பெயர்கள் பத்திரிகைகளில் மெல்ல மெல்ல அருகின. தந்தையாரின் கேள்வி அவர்களைப் பற்றியது. புகழ்பெற்றவர் கணக்கைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இவ்விடத்தில் இரயில்வேக்காரர் என்ற முறையில் சற்றுப் பெருமையோடு ஒன்றைச் சொல்ல ஆசை. 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கத்தை வென்றதும் ஓர் இளைஞர் கோஷ்டிதான். தலைவர் சுனி கோஸ்வாமிக்கு வயது 24. பிரதீப் குமார் பானர்ஜிக்கு 26. அருண் கோஷுக்கு 21. இரண்டாண்டு முன்னர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இவர்களுட் பலர் ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. ஹங்கேரியிடம் 2-1 தோல்வி. பிரான்சுடன் 1-1 சமன். பெருவிடம் 3-1 தோல்வி. பெருவுக்கு எதிராக நமது தமிழர் சைமன் சுந்தரராஜ் போட்ட கோலுக்குப் பின் ஒலிம்பிக்கில் இந்தியா இன்னொரு கோல் போடவில்லை, ஏனெனில் அதன்பின் கால்பந்தில் அங்கே போகவேயில்லை. ரோமில் தோற்றதற்காகப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமை விலக்கிவிடவில்லை. 1951இல் தங்கம் வாங்கித் தந்த அவரிடமே 1956, 1960, 1962 கோஷ்டிகள் ஒப்படைக்கப்பட்டன. ஜகார்த்தாவிலும் முதற் பந்தயத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றார்கள். இறுதியில் அதே கொரியாவை 2-1 என்று வென்றார்கள். இதற்கு மாறாக, 2017 கோஷ்டியை இரண்டாண்டு பழக்கிய ஜெர்மானியப் பயிற்சியாளர் நிக்கோலாய் ஆடம், உலகக் கோப்பைக்குச் சில மாதமே இருக்கையில் நீங்கினார். போர்ச்சுக்கீசியரான மாட்டோஸ் வந்து முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

ரஹீமின் பிள்ளைகளுக்கு வேறொரு பலமும் இருந்தது. பிரதீப் பானர்ஜி கிழக்கு இரயில்வேக்காரர். மோகன் பகானுக்கோ கிழக்கு வங்காளத்துக்கோ போகாமல் கடைசி வரை நமது கோஷ்டியிலேயே ஆடினார். 1958இல் கல்கத்தா லீக்கை கிழக்கு இரயில்வே வென்றது. அதற்குப் பின் 2019 வரை மூன்று பெரிய கிளப்புகளைத் தவிர வேறெவரும் அதனை வென்றதில்லை. கோல் விழாவிட்டாலும் முதல் தேதி சம்பளம் வரும். கால் முறிந்தாலும் மேஜை ஒன்று காத்திருக்கும். சிலர் இதனைச் சோம்பலுக்கு வித்து என்பர், இருக்கலாம். ஆனால் தோற்க அஞ்சாமல் ஆட அந்தப் பிள்ளைகளால் முடிந்தது. 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் புதிய பருவம் ஒப்பந்தத் தகராறினால் நிறுத்தி வைக்கப்பட்டதும், சில கிளப்புகள் ஆட்டக்காரரின் சம்பளத்தையே நிறுத்தின. அச்செய்தியைப் படித்த அன்று பானர்ஜியை எண்ணிக்கொண்டோம்.

மூத்த குமாஸ்தாவிடம் நாம் சொன்னது இவ்வளவே. பையனைத் தடுக்க வேண்டாம். கோஷ்டி எத்தனை பந்தயம் வெல்லும் என்று கேட்கவும் வேண்டாம். முகாம்காரரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இந்தப் பயிற்சியாளர் எத்தனை ஆண்டு இருப்பார்? பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்ன ஏற்பாடு? பதினெட்டு வயதில் வேண்டாமென்று கழித்துவிடும் பிள்ளையை எங்கே அனுப்புவீர்கள்?

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டு வந்தார். பயிற்சியாளருக்கு மூன்றாண்டு ஒப்பந்தமாம். பக்கத்துப் பள்ளியில் இடமும் உண்டாம். மூன்றாம் கேள்விக்கு அங்கிருந்தவர் சிரித்து, "பையன் நன்றாக ஆடுகிறான் ஐயா, அதையெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம். படிவத்தைக் கொடுக்கக் கடைசி நாள் இம்மாதம் 25. தகப்பனார் கையொப்பமிட வேண்டிய இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பையன் மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்துக்குப் போய்வருகிறான்.